வல்லரசுகள் எதிரிகளா, கூட்டாளிகளா? ஓர் எளிய விளக்கம்

2022 செப்டம்பர் 21. உக்ரைன் போருக்காக மூன்று லட்சம் பேரைப் புதிதாகப் படைக்கு அழைப்பதாக ரஷ்யா அறிவித்த நாள். எதிர்ப்பக்கம் உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது அமெரிக்கா. அதே நாளில் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் ஒன்று கிளம்பியது. உள்ளே மூன்று பேர். இருவர் ரஷ்யர்கள், ஒருவர் அமெரிக்கர். போகுமிடம் சர்வதேச விண்வெளி நிலையம். இரண்டு வாரம் கழித்து ஃபுளோரிடாவிலிருந்து அதே நிலையத்துக்குக் கிளம்பிய அமெரிக்கக் கலத்தில் ஒரு ரஷ்யப் பெண் இருந்தார்.

இதைக் கேட்டதும் சிலர், "பார்த்தீர்களா, எல்லாம் நாடகம், உள்ளுக்குள் எல்லாரும் ஒன்றுதான்" என்பார்கள். வேறு சிலர், "அது பழைய ஒப்பந்தத்தின் மிச்சம், நிஜத்தில் மூன்றாம் உலகப் போர் வாசலில் நிற்கிறது" என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: நாடுகள் ஒன்று நண்பர்களாக இருக்கும், இல்லை எதிரிகளாக இருக்கும். பள்ளிக்கூடத்துச் சண்டையைப் போல, பேசுகிறாயா, "டூ" விட்டாயா என்ற கணக்கு.

உலக அரசியல் அப்படி நடப்பதில்லை. வல்லரசுகள் போட்டியிடுவதற்கும் ஒத்துழைப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான். அந்தக் காரணத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

## யார் வல்லரசு?

இந்தச் சொல்லைத் தமிழில் நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். அணுகுண்டு சோதனை நடந்தாலும் வல்லரசு, பொருளாதாரம் ஒரு படி ஏறினாலும் வல்லரசு. இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு பொருள் வைத்துக்கொள்வோம்: மற்ற நாடுகள் ஒரு பெரிய முடிவை எடுக்கும் முன், "இதற்கு இவர் என்ன செய்வார்?" என்று யோசித்தே ஆகவேண்டிய நாடு வல்லரசு.

இந்த அளவுகோலில் பணம் மட்டும் போதாது. ஜப்பான் பல பத்தாண்டுகள், 2010 வரைக்கும், உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக இருந்தது. ஆனால் பாதுகாப்புக்கு அமெரிக்காவையே சார்ந்திருந்தது. அதனால் அதை யாரும் அந்த வரிசையில் வைக்கவில்லை. சோவியத் யூனியன் இதற்கு நேர் எதிர். கடைகளில் சாமான் வாங்க வரிசையில் நின்ற தேசம், ஆனால் அது அசைந்தால் உலகமே திரும்பிப் பார்த்தது.

இன்று அமெரிக்கா ராணுவத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் கோடி டாலர் செலவழிக்கிறது. சீனாவின் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் என்பது மதிப்பீடு. ரஷ்யாவின் பொருளாதாரம் இவ்விரண்டுக்கும் பக்கத்திலேயே வராது. ஆனாலும் உலகின் அணு ஆயுதங்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும்தான் இருக்கின்றன. ஆக, வல்லரசுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொன்றின் பலமும் வேறு இடத்தில் இருக்கிறது.

## மேலே கேட்க ஆள் இல்லை

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த ஊரில் போலீஸ் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற ஆள் இல்லை. குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு, கூட்டம் போடுகிறது, தீர்மானம் எழுதுகிறது. ஆனால் பெரிய வீட்டுக்காரர் "முடியாது" என்றால் அந்தத் தீர்மானம் காகிதத்தோடு சரி. அந்தக் கட்டடத்தில் நீங்கள் நல்லவராகவே இருந்தாலும் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுவீர்கள்.

நாடுகள் வாழ்வது இப்படிப்பட்ட கட்டடத்தில்தான். இந்த நிலைக்கு அராஜகம் என்று பெயர். அன்றாடப் பேச்சில் அராஜகம் என்றால் அடாவடி, ஒழுங்கின்மை. இங்கே பொருள் அதுவல்ல. அரசுகளுக்கு மேல் இன்னோர் அரசு இல்லை, அவ்வளவுதான்.

"ஐ.நா. இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர்கள். அவர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐவரும் நிரந்தரம். இந்த ஐவரில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தாலும் முக்கியத் தீர்மானம் விழுந்துவிடும். அந்த உரிமைதான் வீட்டோ. இது அநியாயம் என்று உலகில் பாதிப் பேர் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதை ஏன் வைத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய அமைப்பான தேசங்களின் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் 1933இல் வெளியேறின. பெரியவர்கள் வெளியே போனபின் உள்ளே இருந்தவர்கள் யாரைக் கட்டுப்படுத்துவது? அதனால் 1945இல், பெரியவர்களை எப்படியாவது உள்ளேயே வைத்திருக்கக் கொடுத்த விலைதான் வீட்டோ. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போன்றது அது. ஃபியூஸ் போனால் விளக்கு அணையும், எரிச்சலாக இருக்கும், ஆனால் வீடு தீப்பிடிக்காது.

நீதிமன்றங்களின் கதையும் இதேதான். நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா ஏற்கவில்லை. தென்சீனக் கடல் விவகாரத்தில் 2016இல் நடுவர் மன்றம் சீனாவுக்கு எதிராகச் சொன்னது. சீனா ஏற்கவில்லை. 2022 மார்ச்சில் உக்ரைனில் ராணுவ நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி ரஷ்யாவுக்கு உத்தரவு போனது. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மூன்று வல்லரசுகளும் மற்ற விஷயங்களில் எவ்வளவு வேறுபட்டாலும் இதில் அச்சு அசலாக ஒன்று.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: வல்லரசுகளைக் கட்டிப்போட மேலே யாரும் இல்லை. அதனால் ஒவ்வொன்றும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்கிறது. அடுத்து வருவது, அந்தப் பாதுகாப்புத் தேடலே எப்படி ஆபத்தாகிறது என்பது.

## என் மதில், உன் பயம்

அதே கட்டடத்துக்குப் போவோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் இரும்புக் கேட் போடுகிறார். திருட்டுப் பயம் அவருக்கு. உங்களுக்கோ, "யாரை மனதில் வைத்து இது?" என்று தோன்றுகிறது. நீங்கள் ஒரு நாய் வாங்குகிறீர்கள். அவர் இரண்டு காவலாளிகளை வைக்கிறார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இருவரும் செலவில் மூழ்கியிருக்கிறீர்கள், முன்பைவிட அதிகம் பயந்துபோயிருக்கிறீர்கள், ஆனால் யாரும் யாரையும் தாக்க நினைக்கவே இல்லை.

ஒருவர் தன் பாதுகாப்புக்காகச் செய்வது மற்றவருக்கு மிரட்டலாகத் தெரிந்து, அவர் செய்யும் பதில் முதலாமவரை மேலும் பயமுறுத்தும் இந்தச் சுழலுக்கு பாதுகாப்பு இக்கட்டு என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் இதற்குப் பழைய உதாரணம் முதல் உலகப் போருக்கு முந்தைய கடற்படைப் போட்டி. ஜெர்மனி 1898இலும் 1900இலும் சட்டம் போட்டுப் பெரிய கடற்படை கட்டத் தொடங்கியது. தன் வணிகத்தையும் கௌரவத்தையும் காக்க என்றது. பிரிட்டன் ஒரு தீவு. உணவே கப்பலில்தான் வரவேண்டும். அது சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? 1906இல் பழைய போர்க்கப்பல்களை எல்லாம் ஒரே நாளில் காலாவதியாக்கிய டிரெட்நாட் என்ற கப்பலை இறக்கியது. ஜெர்மனியும் அதே வகைக் கப்பலைக் கட்டத் தொடங்கியது. இந்தக் காலம் முழுக்க இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள் என்பதையும் கவனியுங்கள். "வியாபாரம் இருக்கும்போது போர் வராது" என்று யாராவது அடித்துச் சொன்னால் 1914ஐ நினைவுபடுத்துங்கள்.

இன்று கிழக்கு ஆசியாவில் அதே சுழல் தெரிகிறது. சீனாவின் கண்ணிலிருந்து பார்த்தால் ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் என்று வரிசையாக அமெரிக்கப் படைகள் நிற்கின்றன. இது முற்றுகை. ஜப்பானின் கண்ணிலிருந்து பார்த்தால் கப்பல் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய கடற்படையைச் சீனா கட்டிவிட்டது, தைவானைச் சுற்றிப் போர் ஒத்திகை நடத்துகிறது. இது படையெடுப்புக்கான தயாரிப்பு. இரண்டு பக்கமும் தாங்கள் செய்வதற்குத் "தற்காப்பு" என்றே பெயர் வைத்திருக்கின்றன. அதில் இரண்டு பேரும் ஓரளவு உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. எல்லா ஆயுதக் குவிப்பையும் "பாவம், பயத்தில் செய்கிறார்கள்" என்று விட்டுவிட முடியாது. 1930களின் ஜெர்மனி பயத்தால் ஆயுதம் சேர்க்கவில்லை, அடுத்தவன் நிலத்துக்காகச் சேர்த்தது. பயந்தவனும் பேராசைக்காரனும் வாங்குவது ஒரே துப்பாக்கிதான். ஒரு தலைவர் பக்கத்து நாட்டைப் பார்த்து, இவன் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கவேண்டும். மனதுக்குள் புகுந்து பார்க்கும் கருவி யாரிடமும் இல்லை. அப்புறம், பயம் ஒரு செயலை விளக்கலாம், அதை நியாயமாக்கிவிடாது. உக்ரைன் பற்றிய வாக்குவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

## அந்தப் பதின்மூன்று நாட்கள்

சரி, இவ்வளவு பயம் இருக்கும்போது ஒத்துழைப்பு எங்கிருந்து வருகிறது? அந்தப் பயத்திலிருந்தேதான்.

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழும்புவதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்தது. அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்தினார். 13 நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாடுகளும் அணு ஆயுதங்களைத் தயார் நிலையில் வைத்தன.

அதுவரை இரண்டு பக்கமும் நம்பியிருந்த கொள்கை அச்சுறுத்தித் தடுத்தல். "நீ அடித்தால் நானும் உன்னை அழிப்பேன், அதனால் நீ அடிக்கமாட்டாய்" என்பதே அது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. யாரும் வேண்டுமென்றே அடிக்காவிட்டாலும், தப்பாகப் புரிந்துகொண்டு அடிக்கலாம். அக்டோபர் 27 அன்று அதுதான் நடக்கப் பார்த்தது. ஒரு சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவழைப்பதற்காக அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன. அந்த நீர்மூழ்கியில் அணு ஆயுத டார்பிடோ இருந்தது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கோ மேலே போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்று தெரியாது. வாசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி டார்பிடோவை ஏவச் சம்மதிக்கவில்லை. நீர்மூழ்கி மேலே வந்தது.

தலைவர்களின் செய்திகள் கதையும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. சோவியத் தலைவர் குருஷேவ் அனுப்பிய கடிதம் வாஷிங்டனில் முழுமையாகப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆனது. அவசரத்துக்கு வானொலியிலேயே அறிவித்துவிட வேண்டியிருந்தது. முடிவில் ஏவுகணைகள் கியூபாவை விட்டுப் போயின. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்பது ரகசிய ஏற்பாடு. வெளியில் சொல்லவில்லை. வெளியில் பார்த்தவர்களுக்கு ஒருவர் பணிந்தது போலத் தெரிந்தது, உள்ளே கொடுக்கல் வாங்கல் நடந்திருந்தது.

அடுத்து நடந்தவற்றைத் தேதியோடு பாருங்கள். 1963 ஜூனில் இரண்டு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்த ஒப்பந்தம். சினிமாவில் காட்டுகிற சிவப்புத் தொலைபேசி அல்ல அது, எழுத்தாகச் செய்தி வரும் டெலிபிரிண்டர். பேச்சில் கோபமும் மொழிபெயர்ப்புப் பிழையும் புகுந்துவிடும், எழுத்தில் நிதானம் இருக்கும் என்பது யோசனை. அதே ஆண்டு ஆகஸ்டில், நிலத்தடியில் தவிர வேறெங்கும் அணுகுண்டு சோதனை கூடாது என்ற ஒப்பந்தம். 1972இல் ஏவுகணைகளுக்கு வரம்பு. அதே 1972இல், நடுக்கடலில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் விமானங்களும் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்குத் தனி விதிமுறை.

இதெல்லாம் நட்பா? இல்லவே இல்லை. 1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சன் மாஸ்கோவில் கையெழுத்துப் போடுவதற்குச் சில நாட்கள் முன்புதான் வடவியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் அமெரிக்கா கண்ணிவெடிகளைப் போட்டிருந்தது. வடவியட்நாமுக்கு ஆயுதம் கொடுத்தது சோவியத். ஒரு கையில் சண்டை, மறு கையில் பேனா. இரண்டையும் செய்தது ஒரே கணக்கு: நான் பிழைத்திருக்கவேண்டும்.

சுருக்கமாக: எதிரியைப் பிடிக்காமலேயே அவனோடு ஒத்துழைக்கலாம். இருவரும் சேர்ந்தே அழியக்கூடிய ஆபத்து ஒன்று இருந்தால் போதும்.

## கூட்டு என்றால் எல்லாருக்கும் நல்லதா?

பயத்தால் மட்டுமல்ல, பொதுவான நன்மைக்காகவும் கூட்டு உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் பெரியம்மை. அதை உலகம் முழுக்க ஒழிக்கவேண்டும் என்று 1958இல் உலக சுகாதாரச் சபையில் முன்மொழிந்தது சோவியத் யூனியன். தடுப்பூசியும் கோடிக்கணக்கில் கொடுத்தது. 1967இல் தீவிரமான திட்டத்தை நடத்தியவர் டொனால்ட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். பனிப்போரின் நட்டநடுவில் நடந்த வேலை இது. அண்டார்டிகாவில் ராணுவத் தளம் கூடாது என்ற 1959 ஒப்பந்தமும் அப்படித்தான்.

ஆனால் "ஒத்துழைப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் நெகிழ்ந்துவிடக் கூடாது. வல்லரசுகள் கூடிப் பேசினால் மூன்றாமவருக்கு ஆகாமலும் போகலாம். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அருமையாக ஒத்துழைத்தன. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் போலந்தைப் பங்குபோட்டு முடித்தன (1793இல் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை). 1795க்குப் பிறகு வரைபடத்தில் போலந்தே இல்லை.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1967க்கு முன் அணுகுண்டு வெடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் செய்யக் கூடாது. உலகில் அணு ஆயுத நாடுகள் இருபது முப்பதாகப் பெருகாமல் இருந்ததற்கு அதற்குப் பங்குண்டு. அதேசமயம் அது ஏறியவர்கள் ஏணியை எடுத்துவைத்த கதையும்தான். இந்தியா கையெழுத்திடாததற்குச் சொன்ன காரணம் இந்தப் பாகுபாடு. இரண்டு கருத்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

## என் குடுமி உன் கையில்

"இது புதிய பனிப்போர்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதிதான் சரி. பழைய பனிப்போரில் அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றிடம் ஒன்று வாங்கியது மிகக் கொஞ்சம். இன்றைய அமெரிக்காவும் சீனாவும் 2024இல் மட்டும் ஏறக்குறைய 58,000 கோடி டாலருக்குச் சரக்கு வியாபாரம் செய்திருக்கின்றன. ஒரே நேரத்தில் முதல் எதிரியாகவும் முக்கிய வாடிக்கையாளராகவும் இருப்பதைப் பழைய பனிப்போரின் தலைவர்கள் யாரும் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்கவேண்டிய இந்த நிலைக்கு பரஸ்பரச் சார்பு என்று பெயர். முதலில் சொன்ன விண்வெளி நிலையம் இதற்கு நல்ல படம். அந்த நிலையம் சுற்றுப்பாதையிலிருந்து கீழே இறங்கிவிடாமல் அவ்வப்போது மேலே தள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ரஷ்யப் பகுதியிடம். மின்சாரத்தில் பெரும்பங்கு அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து. ஒரு பக்கம் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் இரண்டு பக்கமும் போச்சு. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். சொல்லப்போனால், அந்த 2022 செப்டம்பர் சோயுஸில் டிசம்பரில் குளிரூட்டும் திரவம் கசிந்துவிட்டது. ரஷ்யா மாற்றுக் கலம் அனுப்பியது. ஆறு மாதத்துக்குப் போன மூவரும் ஒரு வருடத்துக்கும் மேல், 371 நாட்கள், மேலேயே இருந்து ஒன்றாகத் திரும்பினார்கள்.

பூமியில் இது இவ்வளவு அழகாக அமைவதில்லை. சார்ந்திருப்பது பாலம், சரி. அதையே ஆயுதமாகவும் திருப்பலாம். கைப்பேசியிலிருந்து ஏவுகணை வரை எல்லாவற்றுக்கும் வேண்டிய சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நுணுக்கமான சிப்பை அச்சிடும் இயந்திரத்தை நெதர்லாந்தில் உள்ள ஒரே ஒரு நிறுவனம்தான் செய்கிறது. அதை வைத்து உயர்தரச் சிப் செய்வதில் தைவான் முன்னணி. வடிவமைப்பும் மென்பொருளும் பெரும்பாலும் அமெரிக்கா. 2022 அக்டோபரில் அமெரிக்கா இந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது: உயர்தரச் சிப்புகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகாதபடி கட்டுப்பாடு போட்டது.

சீனாவின் கையிலும் ஒரு குடுமி இருந்தது. மின்சாரக் கார் மோட்டார், காற்றாலை, போர் விமானம் என்று பலவற்றிலும் உள்ள வலுவான காந்தங்களுக்கு அருமண் தனிமங்கள் வேண்டும். பெயரில் அருமை இருந்தாலும் மண்ணில் அவ்வளவு அரிதல்ல. அவற்றைப் பிரித்துச் சுத்திகரிப்பதுதான் கஷ்டம், அழுக்கும் அதிகம். அந்த வேலையில் மிகப் பெரும்பகுதி சீனாவில்தான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் மாறி மாறி வரியை ஏற்றி, அமெரிக்கா 145 சதவீதம், சீனா 125 சதவீதம் என்ற உயரத்துக்குப் போனபோது, சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. காந்தம் கிடைக்காமல் கார்த் தொழிற்சாலைகள் திணறின.

அப்புறம்? மே மாதமே ஜெனிவாவில் உட்கார்ந்தார்கள். வரிகள் 30 சதவீதம், 10 சதவீதம் என்று இறங்கின. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து இன்னும் சிலவற்றைத் தளர்த்தினார்கள். இதைச் சமாதானம் என்று எழுதிய தலைப்புகளைப் பார்த்தேன். சமாதானம் அல்ல. ஒருவர் குடுமி மற்றவர் கையில் இருக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் இழுப்பதை நிறுத்துவார்களே, அது.

இதன் அடுத்த கட்டம்தான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு பேரும் இப்போது பிடியைத் தளர்த்தும் வேலையில் இருக்கிறார்கள். சீனா சொந்தமாகச் சிப் செய்யப் பணத்தைக் கொட்டுகிறது. அமெரிக்காவும் அதன் நண்பர்களும் சீனாவுக்கு வெளியே அருமண் சுரங்கமும் ஆலையும் தேடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். ஆனால் இருவரும் வெற்றிபெற்றுவிட்டால், 2025 மே மாதம் அவர்களை மேசைக்கு இழுத்துவந்த காரணங்களில் ஒன்று காணாமல் போகும்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: வியாபாரம் போரைத் தடுத்துவிடாது, ஆனால் சண்டையின் விலையை ஏற்றும். விலை ஏறும்போது பேச்சு தொடங்கும்.

## துருவக் கணக்கு

"உலக ஒழுங்கு மாறுகிறது" என்ற வாக்கியத்துக்கு இப்போது வரலாம். உலக ஒழுங்கு என்றால் ஏதோ ஓர் அலுவலகத்தில் பூட்டிவைத்த சாசனம் அல்ல. எந்த நாணயத்தில் வணிகம், எந்தக் கடலில் யார் கப்பல், எல்லையை மீறினால் என்ன தண்டனை என்பது போன்ற விதிகளும் பழக்கங்களும், அவற்றைத் தாங்கிப்பிடிக்கும் பலமும் சேர்ந்ததுதான் அது. அந்தப் பலம் குவிந்திருக்கும் இடத்தைத் துருவம் என்பார்கள். 1945க்குப் பின் இரண்டு துருவம். 1991 டிசம்பரில் சோவியத் கலைந்தபின் சில காலம் அமெரிக்கா என்ற ஒரே துருவம். இன்று இருப்பது இரண்டா, பலவா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. பொருளாதாரமும் ராணுவமும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவும் சீனாவும் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்கின்றன. அதனால் "பல்துருவ உலகம் வந்துவிட்டது" என்பது நிலவரத்தைவிட விருப்பத்தையே அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

உண்மையில் மாறியிருப்பது நடுத்தர நாடுகளின் நடத்தை. பனிப்போரிலும் இருபக்கமும் சேராமல் நின்றவர்கள் உண்டு. 1961இல் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகள் "எதிலும் சேரமாட்டோம்" என்றன. இன்றைய பாணி "எல்லாவற்றிலும் கொஞ்சம் சேருவோம்". ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் உள்ள குவாட் என்ற நாற்கூட்டணியில் இந்தியா அமெரிக்காவோடு இருக்கிறது, வளரும் பொருளாதாரங்களின் கூட்டமைப்பான பிரிக்ஸில் சீனாவோடும் ரஷ்யாவோடும் இருக்கிறது. துருக்கி நேட்டோ உறுப்பினர், ஆனால் 2019இல் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கியது. சவுதி அரேபியா அமெரிக்க ஆயுதத்தை வாங்கிக்கொண்டே, 2023இல் ஈரானோடு சமரசம் பேச பெய்ஜிங்கில் உட்கார்ந்தது.

இதைப் பழைய அணிக் கணக்கில் வைத்துப் பார்த்தால் துரோகமாகத் தெரியும். அது பேரம். பிரிக்ஸை "கிழக்கின் நேட்டோ" என்பவர்களும் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். நேட்டோவில் ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கருதும் உறுதிமொழி உண்டு. பிரிக்ஸில் அப்படி எதுவுமே இல்லை. அதன் உறுப்பினர்களான இந்தியாவும் சீனாவும் 2020 ஜூனில் கல்வானில் மோதி வீரர்களை இழந்தன. அதே ஆண்டு நவம்பரில் பிரிக்ஸ் மாநாடு காணொலியில் நடந்தது, இருவரும் கலந்துகொண்டார்கள்.

## எங்கே பார்ப்பது?

அடுத்த உச்சிமாநாட்டுச் செய்தி வரும்போது கைகுலுக்கும் படத்தை விட்டுவிட்டு, இரு ராணுவங்களுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைவான் போனதும் சீனா முதலில் வெட்டியவற்றில் ஒன்று ராணுவத் தொடர்பு. 2023 பிப்ரவரியில் அமெரிக்க வானில் பறந்த சீன பலூனைச் சுட்டு வீழ்த்தியபின், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பேச முயன்றார், சீனத் தரப்பு அழைப்பை ஏற்கவில்லை. 1962ஐ நினைத்துப் பார்த்தால் பலூனைவிட அந்த எடுக்கப்படாத அழைப்புதான் பெரிய செய்தி. அந்த ஆண்டு நவம்பரில் பைடனும் ஷியும் சந்தித்தபோது ராணுவத் தொடர்பை மீண்டும் திறக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு லிமாவில், அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு செயற்கை நுண்ணறிவிடம் போகாமல் மனிதர் கையிலேயே இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். செய்தித்தாள்களில் இரண்டாம் பக்கத்தில் வந்த விஷயம்.

ரஷ்யா, அமெரிக்கா பக்கம் நிலைமை இதைவிடக் கரடுமுரடு. ஏவத் தயாராக வைத்திருக்கும் நெடுந்தூர அணு ஆயுதங்களை ஆளுக்கு 1,550 என்று கட்டுப்படுத்திய நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பிப்ரவரி வரைதான் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதற்கும் முன்பே, 2023 பிப்ரவரியில், ரஷ்யா அதில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஆய்வாளர்கள் போய் எண்ணிப் பார்ப்பது அதற்கு முன்னரே கொரோனாவில் நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் ரஷ்ய வெளியுறவுத் துறை ஒன்றைத் தெளிவுபடுத்தியது. 1988இல் போட்ட வேறொரு ஒப்பந்தப்படி, நெடுந்தூர ஏவுகணையைச் சோதிக்கும் முன் அமெரிக்காவுக்குத் தகவல் சொல்வது மட்டும் தொடரும் என்றது.